பாரிஸ் தெருமுனை பிஸ்த்ரோவில் ஓர் இரவுச் சாப்பாடு: கதவைத் திறப்பதிலிருந்து பில் கட்டுவது வரை

பாரிஸில் முதல் தடவை தனியாக ஒரு பிஸ்த்ரோவுக்குள் நுழைந்தபோது மாலை ஆறு மணி. நல்ல பசி. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பையன் மேஜைகளில் கத்தியும் முள்கரண்டியும் வைத்துக்கொண்டிருந்தான். நான் நேராகப் போய் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், ஏழரைக்குத்தான் சமையலறை திறக்கும் என்றான். எழுந்து வெளியே வந்து பக்கத்துக் கபாப் கடையில் சாப்பிட்டேன்.

ஒரே நிமிடத்தில் மூன்று தப்பு. வணக்கம் சொல்லவில்லை. கேட்காமல் உட்கார்ந்தேன். நேரமும் தெரியவில்லை. அன்றைக்கு அந்தப் பையன் மேல் கோபம் வந்தது. பல வருடம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. பிஸ்த்ரோ என்பது முப்பது, நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன இடம். அடுப்படியில் ஒருவர் அல்லது இருவர், பரிமாற ஒருவர் அல்லது இருவர். நமக்கு விறைப்பாகத் தெரிகிற பழக்கங்கள் பெரும்பாலும் இந்த ஆள் பற்றாக்குறையிலிருந்து பிறந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எந்தக் கடை பிஸ்த்ரோ?

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். எவரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம். ப்ராஸ்ரி என்ற சொல்லுக்கு பீர் வடிக்கும் இடம் என்று பொருள். பெரிய கூடம், வெள்ளை மேல்துணி கட்டிய பரிமாறுபவர்கள், சிப்பித் தட்டு, நாள் முழுக்கத் திறந்திருக்கும் அடுப்பு. பூய்யோன் என்றால் இறைச்சிச் சாறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உழைப்பாளிகளுக்கு மலிவாகச் சூடான சாப்பாடு போடத் தொடங்கிய வகை அது. 1896-இல் தொடங்கிய ஷார்த்தியே என்ற பூய்யோன் கடை இன்னும் நடக்கிறது. வரிசையில் நின்றால் இடம் கிடைக்கும், விலையும் குறைவு. மாலை ஆறு மணிக்குப் பசிக்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவது நல்லது.

பிஸ்த்ரோ இவற்றைவிடச் சின்னது, அக்கம்பக்கத்தாரை நம்பி நடப்பது. பாரிஸுக்குப் பிழைக்க வந்த ஓவெர்ன் மலைப்பகுதிக்காரர்கள் ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் வைனும் விற்ற கடைகள் பல இப்படி வளர்ந்தவை. 1814-இல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யப் படையினர் ‘பிஸ்த்ரா’, அதாவது ‘சீக்கிரம்’ என்று கத்தியதிலிருந்து பெயர் வந்தது என்று மோன்மார்த்ர் குன்றில் ஒரு கடைச் சுவரில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் அந்தச் சொல் அச்சில் தலைகாட்டுவது 1880-களில். எழுபது வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று மொழியறிஞர்கள் கேட்கிறார்கள். தவிர, எந்த பிஸ்த்ரோவிலும் சாப்பாடு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு வகையும் உண்டு. 1992-இல் ஈவ் காம்தெபோர்த் என்ற சமையல்காரர் நட்சத்திர ஓட்டல் சமையலறையை விட்டு வந்து, நகரின் ஓரத்தில் லா ரெகாலாத் என்ற சின்னக் கடையைக் கையில் எடுத்தார். உயர்தரச் சமையல், பிஸ்த்ரோ விலை. அந்த வழியில் வந்த கடைகளின் பாணிக்குப் பின்னால் ‘பிஸ்த்ரோனோமி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே தட்டு அழகாக இருக்கும், விலை கொஞ்சம் ஏறும், முன்பதிவு இல்லாமல் போவது வீண்.

கடையைத் தேர்ந்தெடுக்க என் வழி எளிது. வாசலில் பலகை சின்னதாக இருக்க வேண்டும். ஆந்த்ரே என்கிற முதல் சிறு உணவு நான்கைந்து, முக்கிய உணவு நான்கைந்து, இனிப்பு நான்கைந்து. அதற்கு மேல் போனால் ஒருவர் சமைக்க முடியாது, எங்கிருந்தோ பொட்டலத்தில் வருகிறது என்று பொருள். ஐந்து மொழியில் படம் போட்ட அட்டை, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆள், இரண்டும் இருந்தால் நடையைக் கட்டுங்கள். கூரை போட்ட வாணலி மாதிரி ஒரு முத்திரை சில கடைகளில் இருக்கும். ‘ஃபே மேஸோன்’, அதாவது இங்கேயே சமைத்தது என்பதற்கு 2014 முதல் அரசு கொடுத்த அடையாளம். சமைக்காத பொருள் உறைந்து வந்திருந்தாலும் இந்த முத்திரை செல்லும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பலகை கையால் எழுதப்பட்டு, ஒரு வரி துணியால் அழிக்கப்பட்டிருந்தால் எனக்கு அதுதான் முத்திரை. ஏதோ ஒரு உணவு இன்றைக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விலைப்பட்டியலை வெளியே மாட்டுவது சட்டப்படி கட்டாயம் என்பதால் உள்ளே போய்த்தான் விலை தெரிய வேண்டும் என்ற நிலை இல்லை.

நேரமும் முன்பதிவும்

மதியம் 12 முதல் 2 வரை, இரவு ஏழரையிலிருந்து பத்து, பத்தரை வரை. நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டில் வாரக்கணக்கில் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் பாரிஸ் போகிறவர்கள் போன் செய்து உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

இரவுக்கு முன்பதிவு செய்யுங்கள். போனில் “யூன் தாப்ல் பூர் தெ, சில் வூ ப்லே” என்றால் இருவருக்கு ஒரு மேஜை. மணியைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லுங்கள், போதும். நம் பெயர்களை எழுதிக்கொள்ள அவர்கள் படும் பாட்டைப் பார்த்து நான் இப்போது ‘ராஜ்’ என்றே சொல்லிவிடுகிறேன். வர முடியாது என்றால் மறக்காமல் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். முப்பது பேர் கடையில் நான்கு நாற்காலி காலியாக நின்றால் அன்றைய லாபம் போயிற்று.

கையில் காசு குறைவு என்றால் வேலைநாள் மதியம் போங்கள். அதே அடுப்பு, அதே சமையல்காரர். மதியம் 18 முதல் 25 யூரோவுக்குள் இரண்டு அல்லது மூன்று வகை சாப்பிடலாம். இரவில் முக்கிய உணவு மட்டுமே அந்த விலைக்கு வந்துவிடும். ஒரு கிளாஸ் வைனோடு மூன்று வகையும் சாப்பிட்டால் தலைக்கு 40, 50 யூரோ ஆகும்.

வாசலில்

உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர்’ என்று ஒரு வணக்கம். பொழுது சாய்ந்துவிட்டால் ‘போன்ஸ்வார்’. இதைச் சொல்லாமல் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். நம் ஊரில் கடைக்காரரிடம் “அண்ணே, ரெண்டு டீ” என்று நேராக ஆரம்பிப்பதில் ஒரு உரிமை இருக்கிறது. இங்கே அது அவமரியாதை. சொல்லிவிட்டு நில்லுங்கள். யாராவது வந்து இடம் காட்டுவார்கள். பரிமாறுபவரை ‘மெஸ்யூ’, ‘மதாம்’ என்று கூப்பிடுங்கள். பழைய படங்களில் வருகிற ‘கார்ஸோன்’ வேண்டாம், அதற்குப் ‘பையா’ என்று பொருள். சொடக்குப் போடுவதும் கையைத் தட்டுவதும் எங்கேயுமே கூடாதுதான்.

பலகையைப் படிப்பது

இங்கேதான் ஆங்கிலம் தெரிந்தவர்கள் சறுக்குகிறார்கள். சாப்பாட்டுப் பட்டியலுக்கு பிரெஞ்சில் ‘கார்த்’ என்று பெயர். ‘மெனு’ என்று கேட்டால் குறிப்பிட்ட விலைக்கு மூன்று வகை சேர்ந்த தொகுப்பைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஆந்த்ரே’ என்பது முதலில் வரும் சிறு உணவு. அமெரிக்காவில் அதே சொல்லை முக்கிய உணவுக்குச் சொல்வதால், ஆந்த்ரே மட்டும் வாங்கி, தட்டில் இரண்டு அரை முட்டையைப் பார்த்து முழித்தவர்களை எனக்குத் தெரியும். முக்கிய உணவு ‘ப்லா’. அன்றைய சிறப்பு ‘ப்லா து ழூர்’. இனிப்பு ‘தெஸேர்’.

மதியப் பலகையில் ‘ஃபோர்முல்’ என்று இருக்கும். ஆந்த்ரேவும் ப்லாவும் ஒரு விலை, அல்லது ப்லாவும் தெஸேரும் அதே விலை, மூன்றும் சேர்ந்தால் நான்கைந்து யூரோ கூட. கணக்குப் பார்த்தால் மூன்றாவது கிட்டத்தட்ட இலவசம், ஆனால் அதன் பிறகு பிற்பகல் தூக்கம் நிச்சயம்.

பலகையில் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், சாக்பீஸ் அழிந்திருக்கும். கேட்பதில் வெட்கமே வேண்டாம். பக்கத்து மேஜை பிரெஞ்சுக்காரரும் பரிமாறுபவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அது அங்கே சாப்பாட்டின் ஒரு பகுதி. மாற்றிக் கேட்பதைத்தான் விரும்ப மாட்டார்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் சோறு, இந்தக் குழம்பு அந்த மீனுக்கு என்றால் முகம் சுருங்கும். ஒரு ஆள் சமைக்கிற இடத்தில் ஒரு தட்டை மாற்றினால் பத்துத் தட்டு தாமதமாகும். ஒவ்வாமை, சாப்பிடக் கூடாத பொருள் என்றால் கதை வேறு, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்று: இரண்டு பேர் போய் ஒரு ப்லாவைப் பங்கு போடுவது அங்கே எடுபடாது. ஆளுக்கு ஒரு ப்லா, ஆந்த்ரேவையும் இனிப்பையும் பகிர்ந்துகொள்ளலாம்.

எதை எடுப்பது? முதல் தடவை என்றால் ஆந்த்ரேவுக்கு முட்டை மயோனேஸ். அவித்த முட்டை, அதன் மேல் கடையில் அடித்த மயோனேஸ், அவ்வளவுதான். இதற்கு பாரிஸில் உலகப் போட்டியே நடத்துகிறார்கள். மயோனேஸ் நல்ல கெட்டியாக இருந்து, கடுகு லேசாக மூக்கில் ஏறினால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம். ப்லாவுக்கு வாத்துக் கோன்ஃபி: வாத்துத் தொடையை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, தோலை மொறுமொறுப்பாக்கித் தருவது. ஏழு மணி நேரம் வேகும் ஆட்டுத் தொடை பலகையில் இருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். கரண்டியாலேயே பிய்ந்து வரும்.

இது சாப்பிடமாட்டேன், அது சாப்பிடமாட்டேன் என்பவர்களுக்கு

மாடு சாப்பிடாதவர், பன்றி சாப்பிடாதவர், எதுவுமே சாப்பிடாதவர் என்று நம் கூட்டத்தில் எல்லா வகையும் உண்டு. பிஸ்த்ரோ பலகை இவர்களில் யாரையும் நினைத்து எழுதப்பட்டதில்லை.

மாட்டிறைச்சி ‘பெஃப்’ என்ற சொல்லோடு வந்தால் தெரிந்துவிடும். பல நேரம் துண்டின் பெயர் மட்டுமே இருக்கும்: பாவெத், ஓங்லே, ஆந்த்ரகோத், ஃபோ ஃபிலே. எல்லாமே மாடு. ‘வோ’ என்றால் கன்று. ப்லான்கெத் என்ற வெள்ளைக் குழம்பு பெரும்பாலும் அதில்தான். இன்னும் ஆழத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வாத்து, கோழி என்று நம்பி வாங்குகிற தட்டின் பழுப்புக் குழம்புக்கு அடிப்படையாகக் கன்று எலும்புச் சாறு ஊற்றியிருக்கலாம். அதற்கு ‘ஃபோன் து வோ’ என்று பெயர். வெங்காய சூப்பும் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது.

பன்றி ஒளிந்து வரும். ‘லார்தோன்’ என்ற சின்னச் சின்னக் கொழுப்புத் துண்டுகள் கீரைச் சாலட்டில், பருப்பில், வைனில் வெந்த கோழியில், சில சமயம் மீன் தட்டிலும் இருக்கும். தெரீன், ரியெத், பூதான் என்கிற இறைச்சிப் பண்டங்கள் எல்லாம் பெரும்பாலும் பன்றிதான். ஹலால் வேண்டும் என்பவர்கள் மீனோடு நிற்பது நல்லது, அப்போதும் குழம்பில் வைன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

‘ரீ’ என்று காதில் விழுந்ததும் சோறு என்று சந்தோஷப்படாதீர்கள். சோற்றுக்கும் அந்த ஒலிதான். ஆனால் ‘ரீ து வோ’ என்றால் கன்றின் கழுத்துச் சுரப்பி. மெத்தென்று, வெண்ணெயில் பொன்னிறமாக, சாப்பிடுகிறவர்களுக்கு அமிர்தம். சோற்றை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு அதிர்ச்சி. ‘தார்தார்’ என்றால் பெரும்பாலும் வேகாத மாட்டிறைச்சி, அதன் மேல் பச்சை மஞ்சள்கரு.

என் கதை ‘ஆந்துயெத்’. பலகையில் அதன் பக்கத்தில் ஐந்து ‘ஆ’ எழுத்து போட்டிருந்தது. தரச் சான்றிதழ் போல, நல்ல சாசேஜ் என்று கேட்டேன். அது ஆந்துயெத் ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக் கொடுக்கிற முத்திரை என்று பிறகுதான் தெரிந்தது. பன்றிக்குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்துச் செய்வது. கத்தி வைத்ததும் வந்த வாசனையை இங்கே எழுத வேண்டாம். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்குடல் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்கே பாதிக்கு மேல் இறங்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே “வெழெதாரியான்” என்று சொல்லிவிடுங்கள். சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிச் சாலட், வினிகரும் எண்ணெயும் கலந்து ஊற்றிய லீக் தண்டு, பாலில் வெந்த உருளைக்கிழங்குக் கிராத்தான் இவற்றில் ஒன்று இருக்கும். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேரும், வறுத்த உருளைக்கிழங்கு சில இடங்களில் வாத்துக் கொழுப்பில் வரும். இவ்வளவும் பார்க்கிற சுத்த சைவம் என்றால், மனம் கோணாமல் சொல்கிறேன், பிஸ்த்ரோவில் இனிப்பும் காபியும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவும் மேஜைக்கு அவசரமில்லாத நேரமா என்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல் பகுதியில் ஒரு தோசையோடு முடிப்பதுதான் நிம்மதி.

“ழ ந மாந்ழ் பா து பெஃப்” என்றால் நான் மாடு சாப்பிடுவதில்லை. கடைசிச் சொல்லுக்குப் பதில் ‘போர்’ போட்டால் பன்றி. ஒரு துண்டுத் தாளில் பிரெஞ்சில் எழுதி எடுத்துப் போனால் இன்னும் நல்லது, தாள் நேராக அடுப்படிக்குப் போகும்.

எவ்வளவு வேக வேண்டும்?

மாடு சாப்பிடுகிறவர்களிடம் ‘கியுஸோன்?’ என்று கேட்பார்கள். ப்லெ என்றால் மேலே சூடு காட்டியது, ஸேஞ்ஞான் என்றால் ரத்தம் தெரிய, ஆ புவான் என்றால் நடு, பியான் குயி என்றால் நன்றாக வெந்தது. பிரெஞ்சு ‘நடு’ நமக்குப் பச்சைதான், உள்ளே ரோஜா நிறமாக இருக்கும். அது பிடிக்காது என்றால் தைரியமாக பியான் குயி கேளுங்கள். சமையல்காரர் பெருமூச்சு விடலாம், விடட்டும். வாத்து நெஞ்சுக்கறியையும் இப்படியே கேட்பார்கள்.

தண்ணீர், ரொட்டி, வைன்

தண்ணீர் என்று மட்டும் கேட்டால் ஆறேழு யூரோ பாட்டில் வரலாம். “யூன் கராஃப் தோ” என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், காசு கிடையாது. இலவசத் தண்ணீர் உண்டு என்று பட்டியலிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதியே ஆக வேண்டும் என்று 2022 முதல் சட்டம். ரொட்டியும் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம், தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். ரொட்டிக்குத் தனித் தட்டு வராது, மேஜைமேல் அப்படியே வைத்துக்கொள்வார்கள். குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதைச் சின்ன பிஸ்த்ரோவில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சமையல்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வைன் குடிக்கிறவர்கள் பாட்டிலுக்குப் போக வேண்டியதில்லை. ‘பிஷே’ என்று 25 அல்லது 50 சென்டிலிட்டர் ஜாடியில் கடையின் சாதாரண வைன் கிடைக்கும். குடிக்காதவர்கள் தண்ணீரோடு நிற்கலாம், ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

மிளகாய்? கிடையாது. காரம் வேண்டுமென்றால் கடுகு கேளுங்கள். திஜோன் கடுகு நாக்கைத் தொடாமல் நேராக மூக்குக்குப் போகும், எச்சரிக்கையாக ஆரம்பியுங்கள். பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுக்கிற ஆசையை மட்டும் அடக்குங்கள்.

சாப்பிடும்போது

மேஜை அன்றைக்கு உங்களுடையது. சில கடைகள் இரவில் இரண்டு பந்தி வைப்பதுண்டு, அதை முன்பதிவிலேயே சொல்லிவிடுவார்கள். மற்றபடி யாரும் விரட்டமாட்டார்கள், அதேபோல யாரும் அடிக்கடி வந்து விசாரிக்கவும் மாட்டார்கள். சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கம் பக்கமாகப் படுக்க வையுங்கள். தட்டு எடுக்கப்படும். இரண்டும் பிரிந்து கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பாலாடைக்கட்டி இனிப்புக்கு முன்னால் வரும். காபி இனிப்புக்குப் பின்னால், தனியாக, சின்னக் கோப்பையில் கறுப்பாக. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபி கேட்டால் தருவார்கள், கொஞ்சம் வேடிக்கையாகப் பார்ப்பார்கள்.

பில்

கேட்காமல் பில் வராது. நான் முதல் சில தடவை நாற்பது நிமிடம் காத்திருந்து, மறந்துவிட்டார்கள் என்று பொருமியிருக்கிறேன். கேட்காமல் பில் வைத்தால் எழுந்து போ என்று சொல்கிற மாதிரி. “லதிஸியோன், சில் வூ ப்லே” என்று சொல்லுங்கள். அட்டை இயந்திரம் மேஜைக்கே வரும்.

பட்டியலில் பார்த்த விலைதான் கட்டுகிற விலை. வரியும் சேவைக் கட்டணமும் உள்ளடங்கியதையே விலையாகப் போட வேண்டும் என்று 1987-இலிருந்து விதி. ஆகையால் டிப்ஸ் கடமையில்லை. மனது நிறைந்திருந்தால் இரண்டு மூன்று யூரோ நாணயம் வைத்துவிட்டு வரலாம். இயந்திரம் பத்து, பதினைந்து சதவீதம் என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துவதில் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். மிச்சம் இருந்தால் கட்டிக் கொடுக்கக் கேளுங்கள். 2021 ஜூலையிலிருந்து கேட்டால் பெட்டி கொடுத்தாக வேண்டும்.

கிளம்பும்போது ‘மெர்சி, ஓர்வுவார்’, அதாவது நன்றி, மறுபடி பார்ப்போம். மேஜையிலிருந்து ஒரு தடவை, கதவில் ஒரு தடவை.

அந்த ஆந்துயெத் இரவில் நான் கிளம்பும்போது பத்தரை தாண்டிவிட்டது. பக்கத்துச் சந்தில் பின்கதவுப் படியில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு நிமிர்ந்தார். பாரிஸ் சமையலறைகளில் இலங்கைத் தமிழர்கள் நிறைய. பாத்திரம் கழுவ வந்து, காய் நறுக்கி, பிறகு அடுப்பைக் கையில் எடுத்தவர்கள்.

“தம்பி தமிழோ? அந்த ஜன்னல் மேசை நீங்களோ? ஆந்துயெத் பாதி திரும்பி வந்தது.”

ஆமாம் அண்ணா, என்னவென்று தெரியாமல் வாங்கிவிட்டேன் என்றேன்.

அவர் சிரித்தார். “பத்து வருசமாச் சமைக்கிறன். நான் ஒருக்காத்தான் வாயில வைச்சனான்.”